இல்லத்திற்கேற்ற இறைச்சிச் சீவுபொறி

வீட்டுக்கு வேண்டிய கருவியொன்றனை வாங்கப் புகுவோர் முதற்கண் அதன் விலையையே வினவுகின்றனர். விலை குறைந்ததாயின் ‘மலிவு’ என்பர். மிகுந்ததாயின் ‘நமக்கு எட்டாது’ என்பர். ஆயினும், வாங்கிய சின்னாளிற் பரண்மேல் ஏறிப் புழுதி படிந்து கிடக்கும் கருவி, ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கியதேயாயினும் மலிவாகாது; வாரந்தோறும் கையாளப்பட்டு உழைக்கும் கருவி, ஐயாயிரம் கொடுத்து வாங்கியதேயாயினும் விலை மிக்கதாகாது. இவ்வுண்மையை யான் நூலிற் கற்றிலேன். சென்ற ஆண்டில் எங்கள் இல்லத்தில் நேர்ந்த சிறியதோர் இழப்பினாலேயே கற்றேன். குறைந்த பொருளுடன் கடைவீதியில் நிற்க நேரும் மாணவத் தோழர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இஃது ஒருவாறு பயன்படும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்களூர் செவ்வாப்பேட்டை. சென்னையினின்று திருவள்ளூர் வழியாக அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் இடையே அமைந்தது. என் அத்தையார் உப்புக்கண்டம் இடுவதிற் கைதேர்ந்தவர். எலும்பு நீக்கிய ஆட்டிறைச்சியை நீண்ட கண்டங்களாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் அரைத்துப் பூசி, நூலிற் கோத்துக் கொடியிலே தொங்கவிட்டு வெயிலில் உலர்த்தி எடுப்பதே உப்புக்கண்டம் என்பது நம்மவர் பலரும் அறிந்ததே. சென்ற கார்த்திகையில், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கென அவர் மூன்று கிலோ இறைச்சியை அவ்வாறு கோத்து மாடியிலே கட்டினார். வடகிழக்குப் பருவமழை இடையிடையே பெய்தது. நான்காம் நாள் கோவையை இறக்கிப் பார்த்தபொழுது, மெல்லிய கண்டங்கள் நன்றாக உலர்ந்திருந்தன. தடித்த கண்டங்களோ மேலே காய்ந்து உள்ளே ஈரமாகி நாற்றம் கொண்டிருந்தன. எல்லாம் ஒரே கோவையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தமையின், முழுவதையும் குழிதோண்டிப் புதைக்க நேர்ந்தது.

‘இத்தனை ஆண்டு அரிந்த கை இன்று ஏன் தவறிற்று?’ என்று எந்தையார் வினவியபோதுதான், தம் வலக்கைப் பெருவிரல் மூட்டு ஓராண்டாக நோவதனை அத்தையார் வெளியிட்டார். அதுகாறும் அவர் எவரிடத்தும் அதனைக் கூறினாரல்லர். அன்றிரவே எந்தையாரும் சிறிய தந்தையாரும் தம்முட் கலந்து, ஒன்பதாயிரம் ரூபாய் சேர்த்து என்னிடம் கொடுத்து, இறைச்சி சீவும் பொறியொன்றனை ஆராய்ந்து வாங்கி வருமாறு பணித்தனர். கடைக்காரர் ‘மீட் ஸ்லைசர்’ என்று வழங்கும் அக்கருவியை இக்கட்டுரையில் ‘சீவுபொறி’ என்றே குறிப்பேன்.

சீவுபொறியின் பிறப்பு

ஒல்லாந்து நாட்டு ராட்டர்டாம் நகரத்தில் வில்லெம் வான் பெர்க்கெல் என்னும் இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். கையாற் கத்தி பிடித்து இறைச்சியை மெல்லிய தகடுகளாகச் சீவுவதிலுள்ள வருத்தத்தை நாள்தோறும் உணர்ந்த அவர், 1898-ஆம் ஆண்டில் அதற்கென ஒரு பொறியை அமைத்து விற்கத் தொடங்கினார். ஒருபுறம் குழிந்த வட்டக் கத்தியொன்று ஓரிடத்தே நின்று சுழலும். இறைச்சியை ஏந்திய தட்டு அதனை நோக்கி முன்னும் பின்னும் நகரும். இன்று உலகெங்கும் வழங்கும் சீவுபொறிகள் பெரும்பாலும் அவ்வமைப்பின் வழி வந்தனவே.

இதனை உற்றுநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். மேனாட்டார் கத்தியைக் கையிற் பிடித்துப் பொருளின்மேற் செலுத்துவர். நம் அரிவாள்மணையிலோ கத்தி ஓரிடத்தில் நிற்ப, பொருளே கத்தியிடம் செல்லும். வான் பெர்க்கெல் செய்ததும் அதுவே: கத்தியை நிறுத்திப் பொருளை நகர்த்தினார். ஆகவே, சீவுபொறி நமக்கு முற்றும் அயலான கருவி எனல் பொருந்தாது. அரிவாள்மணையில் இல்லாத ஒன்று மாத்திரம் அதன்கண் உண்டு. அஃது யாதெனின், தடிப்புத் தகடு. கத்திக்கும் அத்தகட்டுக்கும் இடையே விடும் இடைவெளி எவ்வளவோ, அவ்வளவே கண்டத்தின் கனமாகும். திருகை ஒருமுறை அமைத்துவிட்டால், முதற் கண்டமும் நூறாவது கண்டமும் ஒரே கனமாக வீழும். விரைவு என்பது இப்பொறியின் இரண்டாம் பயன்; சமமே முதற்பயன்.

சமம் ஏன் வேண்டும்?

எங்கள் கோவை கெட்டதன் காரணம் இவ்விடத்தே விளங்கும். இறைச்சியின் உள்ளீரம் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்தே காற்றிற் கலத்தல் வேண்டும். வழி நீளுந்தோறும் காலம் நீளும். அதுவும் ஒன்றுக்கு ஒன்றாக நீள்வதில்லை. கனம் இருமடங்கானால் உலருங் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பது ஈரம் ஊர்தல் பற்றிய பொது விதி. கால் அங்குலக் கண்டம் ஒருநாள் வெயிலில் உலருமாயின், அரை அங்குலக் கண்டத்துக்கு நான்கு நாள் வேண்டும் என மதிப்பிடலாம். சித்திரை வெயிலில் இவ்வேறுபாடு பெரிதும் தோன்றாது. கார்த்திகை மழையில் அதுவே உணவையும் நஞ்சையும் பிரிக்கும் எல்லையாகிவிடும். பொரித்தல், சுடுதல் முதலியவற்றிலும் இவ்வாறே: சமமற்ற துண்டுகளுள் மெல்லியன கருகும், தடித்தன வேகாது நிற்கும்.

நாரின் போக்கும் கருதற்பாலது. உண்பதற்கு மெத்தென்றிருக்க வேண்டுமாயின் நாருக்குக் குறுக்கே அரிதல் வேண்டும். நூலிற் கோத்துத் தொங்கவிடுவதற்கு அறாதிருக்க வேண்டுமாயின் நாரின் வழியே அரிதல் வேண்டும். பொருநராற்றுப்படையிற் கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன், ஊனைத் தின்று தின்று தன் பற்கள் மழுங்கின என்று கூறுதலை நம் வகுப்பிற் படித்தபோது, அவ்வூன் எவ்வாறு அரியப்பட்டதோ என்று எண்ணி நகைத்துக்கொண்டேன். எந்தப் பொறியும் நாரின் போக்கை அறியாது. தட்டில் இறைச்சியை வைப்பவரே அறிந்து திருப்பி வைத்தல் வேண்டும்.

யாவர்க்கு வேண்டும், யாவர்க்கு வேண்டா?

சீவுபொறி எலும்பை வெட்டாது. எலும்பில் ஒருமுறை பட்டால் வட்டக் கத்தியின் விளிம்பு சிதையும், பற்சக்கரம் முறியவுங்கூடும். நம் வீடுகளிற் பெரும்பாலன ஞாயிறுதோறும் வாங்குவது எலும்போடு கூடிய ஆட்டிறைச்சியும் கோழியுமேயாம். கடைக்காரர் புளியமரக் கட்டையின்மேல் வைத்து, குழம்புக்கேற்ற அளவில் வெட்டியே கொடுத்துவிடுகின்றார். அவ்வில்லத்தார்க்குச் சீவுபொறி ஒரு சிறிதும் வேண்டா. அவர் அதனை வாங்குதல், நெல் விளையாத ஊரில் களஞ்சியம் கட்டுதல் போலும்.

இனி, வேண்டுவோர் மூவகையினர். உப்புக்கண்டம் முதலாக உலர்த்திச் சேமிக்கும் இறைச்சியை அடிக்கடி செய்வோர் ஒருவகையினர். பெரம்பூர், பரங்கிமலை முதலிய இடங்களில் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார்போன்று, உப்பிட்ட இறைச்சியையும் அடுப்பிற் சுட்ட பெருந்துண்டத்தையும் ஆறவைத்து மெல்லிய தகடாகச் சீவிப் பரிமாறுவோர் மற்றொருவகையினர். வீட்டிலிருந்தே சிற்றுண்டி செய்து விற்போர் மூன்றாம் வகையினர். இவருள்ளும் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை கிலோ என்னும் இரண்டு வினாவுக்கும் விடை கண்ட பின்னரே கடைக்குச் செல்லுதல் தகும். யான் இவ்வினாக்களைக் கேளாமலே சென்றேன். ஆதலின் முதல்நாள் வெறுங்கையுடன் திரும்பினேன்.

கருவிகளின் வகை

கடைகளில் யான் கண்டவற்றை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, நீண்டு மெலிந்த அலகினையுடைய கைக்கத்தி. விலை மிகக் குறைவு, கழுவுதல் எளிது. கையும் கண்ணும் பழகியிருப்பின், நன்கு குளிர்ந்து இறுகிய இறைச்சியை இதனாலேயே பெரும்பாலும் சமமாக அரியலாம். ஆண்டுக்கு இரண்டொருமுறை மட்டும் சீவுவோர் இதற்குமேற் செல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது, நெம்புகோல் வகை. பாக்குவெட்டியைப் பெரிதாக்கிப் பலகையில் அமைத்தது போன்றது. ஒருபுறம் அச்சிற் பொருந்திய நீண்ட கத்தியைக் கைப்பிடியாற் கீழே அழுத்தினால் கண்டம் அறுந்து வீழும். பக்கத்திலுள்ள திருகினால் கனத்தை அமைக்கலாம். மின்சாரம் வேண்டுவதில்லை. கைப்பிடி நீண்டிருத்தலின் தோளின் வலிமையே வேலை செய்யும். விரல்மூட்டுக்கு வருத்தம் குறைவு. ஆயினும் இறைச்சி இறுகியிருந்தாலன்றி இது செவ்வையாக அறாது. கடைசியில் எஞ்சும் ஓரங்குலத் துண்டைக் கத்தியாலேயே அரிதல் வேண்டும்.

மூன்றாவது, வீட்டுக்கென அமைந்த மின்பொறி. ஏறத்தாழ ஏழரை அங்குல வட்டக் கத்தியும், 150 முதல் 200 வாட்டு வரையுள்ள மின்னோட்டியும், நகரும் தட்டும், தள்ளுகட்டையும் உடையது. வேலை விரைவு, கண்டமும் மிகச் சமம். ஆனால் இடத்தை அடைக்கும். கழற்றித் துடைத்தல் பொறுமையை வேண்டும்.

நான்காவது, கடைக்குரிய பெரும்பொறி. பத்து அல்லது பன்னிரண்டு அங்குலக் கத்தியும், மணிக்கணக்கில் உழைக்கும் மின்னோட்டியும் உடையது. பழையதாய் விலை குறைந்து கிடைப்பினும் வீட்டுக்கு இது தகாது. தூக்கவும் அரிது, தேய்ந்த உறுப்புக்கு மாற்றுறுப்புத் தேடுதலும் அரிது.

எஃகை அறியும் வழி

எந்தையார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலையொன்றிற் பணிபுரிபவர். ‘பளபளப்பைக் கண்டு மயங்காதே, எஃகைப் பார்’ என்று அவர் கூறிய அறிவுரை எனக்குப் பெரிதும் உதவிற்று. இரும்போடு கலந்த கரியின் அளவே எஃகின் குணத்தை வகுக்கின்றது. கட்டடத்துக்கு உருட்டும் கம்பியில் நூற்றுக்குக் கால் பங்களவே கரி உண்டு. அது வளையும், ஆனால் கூர் நில்லாது. லாரியின் வில்பட்டையில் நூற்றுக்கு அரைப்பங்கும் அதற்கு மேலும் கரி இருத்தலின், அதனைக் காய்ச்சித் தோய்த்தாற் கடினமாகும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். அரிவாள் அடிக்கும் கொல்லர் பலர் வில்பட்டையை விரும்பிக் கொள்வது இக்காரணத்தாலேயாம்.

துருவேறா எஃகிலும் இவ்வேறுபாடு உண்டு. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கலந்த 304 என்னும் வகை, பாத்திரத்துக்கும் பொறியின் உடலுக்கும் மிக நன்று. ஆயின் அதனைத் தோய்த்துக் கடினமாக்க இயலாமையின் கத்திக்கு ஆகாது. பதின்மூன்று பங்களவு குரோமியமும் போதிய கரியும் உடைய 420 முதலிய வகைகளே கத்திக்குரியன. எளிய சோதனை ஒன்று உண்டு: சிறு காந்தத்தைக் கத்தியில் வைத்துப் பார்க்க. ஒட்டாவிடின் அது கத்திக்குரிய எஃகன்று என்று துணியலாம். ஒட்டினால் மட்டும் நல்லதென்று துணிதலாகாது. கடினப்படாத வேறு வகையும் காந்தத்தில் ஒட்டும். ஆகவே காந்தம் தீயதை விலக்கும், நல்லதைக் காட்டாது. நல்லதைக் காட்டுவது, தொங்கவிட்ட தாளொன்றனைப் பிசிறின்றி அறுக்கும் கூரும், அக்கூரைச் சாணைக்கல்லில் மீண்டும் ஏற்ற இயலுமாறு கத்தி கழற்றத்தக்கதாய் இருத்தலுமேயாம்.

வட்டக் கத்திகளுள் விளிம்பு வழுவழுப்பாயுள்ளதும் ரம்பப் பல் உடையதும் என இருவகை உண்டு. பச்சை இறைச்சிக்கும் ஆறிய இறைச்சிக்கும் வழுவழுப்பான விளிம்பே தக்கது. ரொட்டிக்கும் மேற்றோல் முறுகச் சுட்ட துண்டத்துக்கும் ரம்பப் பல் தக்கது. ரம்பப் பல்லை வீட்டிற் சாணை பிடித்தல் அரிது.

மின்பொறி வாங்குவோர் வினவத்தக்கன

மின்பொறியே வேண்டுமென்று துணிந்தோர் வாட்டின் எண்ணைமட்டும் கண்டு மகிழ்தல் கூடாது. எத்தனை நிமிடம் இடைவிடாது ஓட்டலாம் என்று வினவுக. வீட்டுப் பொறிகள் பலவற்றின் முத்திரைத் தகட்டில் ஐந்து நிமிடம் அல்லது பத்து நிமிடம் என்று குறித்திருக்கும். அதன்பின் ஆறவிடாது ஓட்டினால் மின்னோட்டி எரிந்துபோம். கைவிட்டவுடன் நிற்கும் விசை உண்டா? தள்ளுகட்டை கையை முற்றும் மறைக்கின்றதா? தட்டும் கத்தியும் கருவியின்றிக் கழல்கின்றனவா? தடிப்புத் தகடு அழுத்தினால் அசைகின்றதா? அசையுமாயின் பொறியின் முதற்பயனாகிய சமம் போயிற்று.

நிலத்தொடர்பாகிய எர்த்துக் கம்பியோடு கூடிய மூமுனைச் செருகியா என்பதையும், வீட்டு மின்கருவிகளின் காவலுக்கென வகுத்த ஐ.எஸ். 302 என்னும் இந்தியத் தரவிதியின்படி அமைந்ததா என்பதையும் காண்க. ஈரக் கையோடு இயக்கப்படும் கருவிக்கு இஃது இன்றியமையாதது. கத்தியும் பட்டையும் தேய்ந்தால் மாற்றுறுப்பு எங்கே கிடைக்கும் என்பதும், எழுத்திற் கொடுத்த உறுதிச்சீட்டும், விலைச்சீட்டும் மறவாது கேட்கத்தக்கன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். ஆனால் விலைச்சீட்டு இல்லாதார் முறையீடு வலியிழந்து நிற்கும்.

குளிரே பாதிக் கத்தி

எவ்வகைக் கருவியாயினும், வெதுவெதுப்பான பச்சை இறைச்சியை அதிலிட்டால் கசங்கிப் பிசையுமேயன்றிச் சீவப்படாது. இறைச்சியின் நீர் சுழியத்துக்குக் கீழ் ஏறக்குறைய ஒன்றரைப் பாகையில் உறையத் தொடங்கும். எலும்பும் சவ்வும் நீக்கி, நீள்சதுரமாகத் திருத்தி, குளிர்ப்பெட்டியின் உறையறையில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் வைத்தால், விரலால் அழுத்த மேலே இறுகியும் உள்ளே சற்று நெகிழ்ந்தும் நிற்கும். அதுவே சீவுதற்குரிய பதம். கல்லாக உறைந்துவிட்டாலோ கத்தி வழுக்கும், மின்னோட்டி திணறும். இப்பதத்தை அறிந்தவர்க்குக் கைக்கத்தியும் பொறிபோல் உழைக்கும். அறியாதவர்க்கு விலைமிக்க பொறியும் மழுங்கிய அரிவாளேயாகும். எங்கள் இல்லத்தில் நாற்பது ஆண்டாக இறைச்சியை வாங்கிய சூட்டிலேயே அரிந்து வந்தனர். அத்தையாரின் விரல்மூட்டு நோவுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்று இப்பொழுது எண்ணுகின்றேன்.

விரலும் உயிரும்

சீவுபொறியில் விரல் அறுபடுவது, சீவும்போதினும் துடைக்கும்போது நேர்தல் எளிது. கத்தி நின்றுவிட்டது என்னும் எண்ணத்தால் கை கவலையின்றிச் செல்கின்றது. நின்ற கத்தியும் அறுக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தொழிற்சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரை இவ்வகை மின்பொறியை இயக்கவும் விடாது, கழுவவும் விடாது. ஆகவே, செருகியை எடுத்துவிட்டு, தடிப்புத் தகட்டைக் கத்தியோடு சமமாக நிறுத்தி, வெட்டுத் தாங்கும் கையுறை அணிந்து, கத்தியின் நடுவினின்று விளிம்பை நோக்கித் துடைத்தல் வேண்டும். சிறுவர் எட்டா உயரத்தே வைத்தலும் வேண்டும்.

துடைத்தலிற் குறை நேர்ந்தால் விரலினும் பெரிய கேடு விளையும். 2008-ஆம் ஆண்டில் கனடா நாட்டில், டொரான்டோ நகரத்து ஆலையொன்றிற் செய்த சீவிய இறைச்சியை உண்டு 57 பேர் லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரால் நோயுற்றனர். அவருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாலையார் நாள்தோறும் கழுவாதவர் அல்லர்; சீவுபொறிகளின் உட்புறத்தே, கழுவுவார் கை எட்டாத சந்துகளில் அந்நுண்ணுயிர் தங்கியிருந்தமையே காரணமாகக் கூடும் என்று ஆராய்ந்தோர் கருதினர். லிஸ்டீரியா குளிர்ப்பெட்டியின் குளிரிலும் பெருகும். நன்றாக வேகவைத்தால் மடியும். நம் உப்புக்கண்டத்தைப் பொரித்தே உண்கின்றோம். ஆதலின் அச்சம் குறைவு. சீவியவாறே உண்ணும் இறைச்சிக்கும், அதே பொறியிற் பச்சை இறைச்சியும் ரொட்டியும் மாறிமாறிச் சீவும் இல்லத்துக்கும் அச்சம் மிகுதி. ஆகவே, சந்து மிக்க பொறியை விலக்குக. கழலும் உறுப்பைச் சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி முற்றும் உலர்த்துக. அலுமினிய உறுப்பைச் சோடா முதலிய காரப்பொருள் கறுப்பாக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

மலிவின் கணக்கு

விலைகள் நாள்தோறும் மாறுவன. ஆதலின் கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். மின்பொறி 9,000 ரூபாய் என்க. நெம்புகோற் கருவி 2,400 ரூபாய் என்க. இரண்டும் ஐந்தாண்டு உழைப்பன என்க. எங்கள் இல்லத்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையே உப்புக்கண்டம் இடுகின்றோம். ஐந்தாண்டில் அறுபது முறை. மின்பொறியாயின் ஒருமுறைக்கு 150 ரூபாய். நெம்புகோலாயின் 40 ரூபாய். வாரத்துக்கு இருமுறை சீவி விற்கும் இல்லத்தார்க்கோ ஐந்தாண்டில் 520 முறையாகும். அவர்க்கு மின்பொறியே ஒருமுறைக்குப் பதினேழு ரூபாயளவில் அடங்கிவிடும். ஒரே பொறி ஓரில்லத்தில் வீண்செலவும் மற்றோரில்லத்தில் மலிவுமாதல் காண்க. விலை கடைக்காரர் கையில் உள்ளது. மலிவு நம் அடுக்களையில் உள்ளது.

இக்கணக்கை எழுதிக்கொண்டுபோய் அத்தையாரிடம் காட்டினேன். அவர் எண்களை நோக்கினாரில்லை. ‘தம்பி, எதை வாங்கினாலும் கழுவுகிறவள் நான் அல்லவா? கழற்றினால் எத்தனை துண்டு?’ என்று வினவினார். மின்பொறி பல துண்டு என்றேன். நெம்புகோல் கத்தி, பலகை, திருகு என மூன்றே என்றேன். ‘அப்படியானால் அதைக் கொண்டு வா’ என்றார். கடைவீதியில் இரண்டு நாள் அலைந்தும் என் நெஞ்சில் எழாத வினா அது. கருவியைத் தேர்பவர், அதனைக் கழுவுபவராயிருத்தல் வேண்டும். அவ்வாறில்லையாயின் கழுவுபவரைக் கேட்டேனும் தேர்தல் வேண்டும்.

நெம்புகோற் கருவியொன்றும், நல்ல கைக்கத்தியொன்றும், சாணைக்கல்லொன்றும் வாங்கி, எஞ்சிய பொருளை எந்தையாரிடம் திருப்பிக் கொடுத்தேன். கருவி குற்றமற்றதன்று: திருகு அடிக்கடி நெகிழ்கின்றது, இரண்டு திங்களுக்கொருமுறை கத்தியைச் சாணையில் ஏற்ற வேண்டியிருக்கின்றது. ஆயினும், இவ்வாண்டு பங்குனியிலும் சித்திரையிலும் கட்டிய கோவைகளுள் ஒரு கண்டமும் கெட்டதில்லை. உறையறையில் வைத்தெடுத்த இறைச்சியை யான் தட்டில் வைத்துக் கொடுக்க, அத்தையார் தோளால் அழுத்துகின்றார். எஞ்சும் துண்டை எந்தையார் கத்தியால் அரிகின்றார். முன்னர் ஒருவர் தனித்திருந்து வருந்திச் செய்த வேலையை இப்பொழுது மூவர் பகிர்ந்து செய்கின்றோம்.

ஆதலின், சீவுபொறி வாங்கக் கருதும் அன்பர்கள் முதலில் வீட்டாரின் கையை நோக்குக. பின்னர் இறைச்சியின் பதத்தை நோக்குக. அதன்பின் எஃகையும் உறுப்புகளையும் நோக்குக. விலையை ஈற்றில் நோக்குக. இம்முறை பிறழாது தேர்ந்த கருவி, கைக்கத்தியாயினும் மின்பொறியாயினும், அவ்வில்லத்துக்கு மலிவானதேயாம்.